சுதந்திர நாட்டின் குடிமக்கள் அடிப்படை உரிமைகளை உண்மையாகவே அனுபவிக்கிறார்களா?

முழுமையாக இல்லை என்பதே என் பதில். விடுதலை என்பது ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பதை மாற்றுகிறது. அந்தக் கை குடிமகன்மீது எவ்வளவு தூரம் நீளலாம் என்பதை அதுவே தீர்மானித்துவிடுவதில்லை. 1936-ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பு பேச்சுரிமைக்கும் பத்திரிகை உரிமைக்கும் உறுதியளித்தது. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அங்கே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முறையான விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஆகவே, உரிமை மீறப்படும்போது எங்கே முறையிடலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1948-இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 8-ஆம் பிரிவும் நீதிமன்றத்தில் பயனுள்ள பரிகாரம் பெறும் உரிமையையே பேசுகிறது. நள்ளிரவில் கணவனைக் காவலர்கள் அழைத்துச் சென்றுவிட, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லாமல் விடியும்வரை வாசலில் நிற்கும் பெண்ணுக்கு, பிடித்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு என்ற சொல் எட்டாத வரையில் அந்த உரிமை இருந்தும் இல்லாததுதான்.

நீதிமன்றமே கைவிட்டதும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், இத்தகைய மனுவைத் தாக்கல் செய்ய எவருக்கும் உரிமையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார். உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று 1978-இல் இந்திய அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் வகுத்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தவறென்று அறிவிக்க 2017 வரை ஆயிற்று.