சிற்றலை கேட்கவில்லை என்று ரேடியோவைக் கழற்றக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எண்பதை நெருங்கும் என் தந்தையிடம் மூன்று பேண்டு டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கிறது. மீடியம் வேவ் நன்றாகக் கேட்கிறது. சிற்றலையில் (ஷார்ட் வேவ்) இரைச்சல் மட்டுமே வருகிறது. பழுது பார்ப்பவர், உள்ளே இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் போய்விட்டது என்கிறார். கடைக்காரரோ டிஜிட்டல் ரேடியோ வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் தந்தை தேடுவது பெரும்பாலும் பிபிசி தமிழோசையாகவோ வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியாகவோ இருக்கும். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று முடிந்துவிட்டது. வேரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டது. இல்லாத நிலையத்தை எந்தக் காயிலை மாற்றினாலும் கொண்டுவர முடியாது. நூற்றுக்கணக்கான கிலோவாட் தின்னும் டிரான்ஸ்மிட்டர்களை மூடிவிட்டு இணையத்துக்கு மாறுவதன் செலவுக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் கைப்பேசியில் தேடத் தெரியாத முதியவர்களுக்கு வழி எதுவும் செய்துதராமல் ஒவ்வொரு நிலையமாக விடைபெறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டி நலமா என்பதை நீங்களே அறியலாம். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியில் புதிய பேட்டரி போட்டு மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, ஏரியலை முழுவதும் நீட்டி, டயலில் 31 மீட்டர், 41 மீட்டர் என்று குறித்த சிற்றலைப் பகுதிகளில் முள்ளை மிக மெதுவாக நகர்த்துங்கள். ஏறி இறங்கும் குரலில் சீனமோ அரபியோ கேட்டால் பெட்டியில் குறையில்லை. மெயினைப் போட்டவுடன் அந்தக் குரல் அமுங்கினால், காரணம் மலிவான எல்இடி விளக்கும் சார்ஜரும்தான். இரைச்சலை அடக்கும் வடிகட்டி இல்லாமலே அவை தாராளமாக விற்கின்றன, கேட்பாரில்லை.

ஒன்றுமே கேட்காவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். சூரியனில் கொந்தளிப்பு ஏற்படும் நாள்களில் சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலமே கலங்கிவிடும். நல்ல பெட்டியும் அன்று ஊமையாகும். ஆகவே மேலும் சில இரவுகள் பாருங்கள். அதன் பிறகும் கேட்காவிட்டால், பேண்டு சுவிட்சின் தொடுமுனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின் தொடுமுனைகளுக்கான கிளீனர் தெளித்துச் சுவிட்சை முன்னும் பின்னும் பலமுறை தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காயில் பழுதாவது அரிது.

கடைக்காரர் காட்டும் ‘டிஜிட்டல்’ பெட்டி, அலைவரிசையைத் திரையில் எண்ணாகக் காட்டும் சாதாரண ரேடியோவாகவே இருக்கக்கூடும். ஆகாசவாணி கையாளும் டிஜிட்டல் முறையின் பெயர் டிஆர்எம். அதற்கான பெட்டி வேறு, விலையும் அதிகம். டிஆர்எம் நிகழ்ச்சியைக் கடையிலேயே ஒலிக்க வைத்துக் காட்டாதவரை பணம் கொடுக்காதீர்கள். காட்டினாலும், அதில் தமிழோசை வராது.

பழைய ரேடியோவில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று எந்தத் தரகராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு பொருள் எந்த ரேடியோவிலும் கிடையாது. அவர்கள் குறி நீங்கள் கொடுக்கும் முன்பணத்தின் மீதுதான்.

தந்தை இப்போதைக்கு மீடியம் வேவில் செய்தி கேட்கட்டும். பிபிசி தமிழ் வேண்டுமென்றால், உங்கள் கைப்பேசியை ஒரு சிறிய ஸ்பீக்கரில் இணைத்து, அவர் வழக்கமாகக் கேட்கும் நேரத்தில் நீங்களே போட்டுக்கொடுங்கள்.