ஏற்கெனவே இரண்டு பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) இருக்கின்றன. புதுச்சேரியில் மூன்றாவதாக விஷமில்லாத எந்தப் பாம்பு வாங்கலாம்?

தோட்டத்துச் சாரையும் விஷமில்லாததுதான், ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். ஆகவே வெளிநாட்டு இனம்தான் வழி. பைத்தான்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் ஓட்டு கார்ன் ஸ்னேக்குக்கு (corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு). பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து நம்மைக் கலங்கடிக்கும். கார்ன் ஸ்னேக்கோ பெரும்பாலும் எலியைக் காட்டினாலே பாய்ந்து வரும். ஆனால் சின்ன இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும், மூடிக்குக் கொக்கி போடுங்கள். நம்ம கடற்கரை ஈரக்காற்றில் பெட்டி பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காற்றோட்டமும் வேண்டும்.

அப்புறம், வந்ததும் பழையவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் தனி அறை. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாகக் கிடந்தால் உண்ணி இருக்கிறது. விற்றவர் பேச்சை நம்பி ஒருமுறை அவசரப்பட்டேன்; எல்லாப் பெட்டிகளையும் திரும்பத் திரும்பக் கழுவியே ஒரு மாதம் போனது.