பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் எண்ணெய் எங்கே கசிகிறது?

பாகூரில் நெல் பயிரிடும் வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய 35 குதிரைத்திறன் டிராக்டர் உள்ளது. இரவு நிறுத்தினால் காலையில் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. தூக்கி வைத்த கலப்பையும் தானாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் எல்லா ரப்பர் சீல்களையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?"

இப்போதே மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்பவை பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உங்களுடையதைப் போன்ற பல பழைய வண்டிகளில் கியர் பாக்ஸ், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். லிஃப்ட் சிலிண்டரும் பின்பக்க ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பிஸ்டன் சீலோ உள் குழாயின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையமோ தேய்ந்தால், கலப்பை இறங்குமே தவிர அந்த எண்ணெய் ஹவுசிங்குக்குள்ளேயே விழும், தரைக்கு வராது. எஞ்சின் ஓடும்போது, தூக்கிய கலப்பை சற்று இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமாக விட்டுவிட்டுத் துள்ளினால் உள்கசிவு உறுதி. அதற்கு மேல்மூடியைக் கழற்ற வேண்டும். அறுவடைக்குப் பிறகு செய்துகொள்ளலாம்.

தரையில் விழும் எண்ணெய்க்கு வருவோம். முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெய், ஹவுசிங்கின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக வெளியேறி, கசிவு போலவே தோன்றும். அந்த பிரீதரே அடைத்திருந்தாலும் இதே நிலைதான்: நீர் கட்டிய வயலில் சேடை ஓட்டும்போது தெறிக்கும் சேறு அதில் காய்ந்து இறுகிவிட்டால், சூடாகும் ஹவுசிங்குக்குள் காற்றழுத்தம் கூடி, நல்ல சீலின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். டீசலில் கழுவிக் காற்றடித்துச் சுத்தம் செய்வதற்குப் பெரிய செலவு இல்லை என்பதால், வேறெதையும் கழற்றுமுன் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் விட்ட தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை முழுவதும் வடித்துவிட்டுக் கையேட்டில் சொன்ன தர எண்ணெயையே ஊற்றுங்கள்.

பிறகு பின்பாகம் முழுவதையும் கழுவி உலரவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, அரைமணி நேரம் வேலை செய்துவிட்டுப் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதாலும், ஃபேன் காற்று அதைப் பின்னோக்கிப் பரப்புவதாலும், சொட்டும் இடத்தை நம்பாமல் நனைந்த இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ அதையே தேட வேண்டும். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில், காட்டர் பின் என்ற கம்பி ஊசி தொங்கும் சிறு துளையிலிருந்து சொட்டினால் நிறத்தைப் பாருங்கள்: கறுப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய், வெளிறியிருந்தால் கியர் பாக்ஸின் முன் சீல். கருவிகளுக்கு விசை கொடுக்கும் பின்பக்கச் சுழல் தண்டான பி.டி.ஓ. தண்டைச் சுற்றி நனைந்திருந்தால் அந்த சீலை மட்டும் மாற்றினால் போதும். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் அந்த எண்ணெய் பிரேக்கில் இறங்கினால் ஒரு பக்கம் பிடிக்காமல் போய் வண்டி இழுக்கும்.

சீலை மாற்றும்போது தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புதிய சீலும் விரைவில் கசியும். அதன் உதடு பள்ளத்துக்குச் சற்றுத் தள்ளி உட்காருமாறு பொருத்தச் சொல்லுங்கள். குழாய் மூட்டுகளில் டேப் சுற்ற வேண்டாம். பிய்ந்த துணுக்கு வால்வில் சிக்கிக்கொள்ளும்.

டிப்பிங் டிரெய்லருக்குப் போகும் ஹோஸில் கசிவு இருந்தால், டிரெய்லரைத் தூக்கும்போது மட்டுமே தெரியும். அதை ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். நீளமான அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும், உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் சென்று, எண்ணெய் ஏறியது என்று சொல்லுங்கள். எதைக் கழற்றுமுன்னும் கலப்பையைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். உங்கள் லிஃப்ட் தானாக இறங்குவதால், தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் படுக்கவே கூடாது.