நான் நிரப்பாமல் விட்ட வட்டம்

செல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். பெரியாஸ்பத்திரியில் நர்சிங் படித்துவிட்டு 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வேலைக்குப் போனேன். டெட்ராய்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2021இல் ஊருக்கே திரும்பிவிட்டேன். அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாக என்னிடம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை.

மதுரையில் இருந்துகொண்டு அமெரிக்காவில் எப்படி ஓட்டுப் போட்டீர்கள்? துபாயில் இருக்கும் என் மகனால் திருமங்கலத்தில் போட முடியவில்லையே?
*வாசகர், திருமங்கலம்*

அவர்களுக்கு 1986இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது ஐயா. வெளிநாட்டில் வாழும் குடிமகன் அமெரிக்காவில் கடைசியாக இருந்த முகவரியை வைத்து ஓட்டுப் போடலாம். வருஷா வருஷம் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தேர்தலுக்கு 45 நாளுக்கு முன்னால் வாக்குச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். ஆனால் திருப்பி அனுப்புவது தபாலில்தான். 2024இல் கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்தேன். கடைத் தம்பி பார்த்துவிட்டு, "ஓஎம்ஆர் ஷீட்டா மேடம், என்ன எக்ஸாம்?" என்று கேட்டான். அப்படித்தான் இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீள்வட்டம், அதைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். உறையில் போட்டு, கையெழுத்திட்டு, தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்தேன். போய்ச் சேர்ந்ததா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதினோராம் நாள் பார்த்தபோது சேர்ந்திருந்தது.

உங்கள் மகன் வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வரவேண்டும். இது மாற வேண்டும். அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டதால் எனக்கு இங்கே அந்த உரிமையும் கிடையாது. வெள்ளை மாளிகைக்கு யார் போவது என்பதில் எனக்கு ஓட்டு உண்டு, எங்கள் தெருச் சாக்கடையைப் பார்க்க வேண்டிய கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதில் கிடையாது.

இடதுசாரி என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஜனநாயகக் கட்சியும் கோடீஸ்வரர்களின் கட்சிதானே? அதற்கு ஓட்டுப் போட மனசு எப்படி வந்தது?
*வாசகர், செல்லூர்*

எங்கள் பேட்டைக்காரரே கேட்டுவிட்டீர்கள், விவரமாகவே சொல்கிறேன்.

1967 தேர்தலைப் பற்றி அப்பா பேசாத நாளே கிடையாது. மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராமமூர்த்தி நின்றார், ஜெயித்தார். அந்தக் கூட்டணியில் திமுகவோடு கூடவே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. 1952இல் முதலமைச்சர் ஆனபோது கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. அவர் கட்சிக் கொடியும் எங்கள் கொடியும் ஒரே மேடையில் பறந்ததைப் பார்த்து அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். ஆனாலும் தறியை நிறுத்திவிட்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார்.

அமெரிக்காவில் இப்படிக் கூட்டணி கிடையாது. இரண்டே பெரிய கட்சிகள். கூட்டணி அங்கே கட்சிக்குள்ளே நடக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கே பல வருஷம் ஆனது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் பிரைமரி தேர்தல் வைக்கிறார்களே, நம் ஊர்த் தொகுதிப் பங்கீடு மாதிரிதான் அது. நம் பலம் இவ்வளவு என்று காட்டும் இடம். அதற்குப் பிறகு நவம்பரில் போடுவது கூட்டணி ஓட்டு.

2016 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நின்ற பெர்னி சாண்டர்ஸுக்காகப் பனியில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்று பேசிய மனுஷன். ஹிலாரி கிளின்டன் 20 புள்ளி முன்னால் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தபோது மிச்சிகனில் சாண்டர்ஸ் ஜெயித்தார். அன்று ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் செய்து அழுதேன். ஆனால் நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தபோது கிளின்டன்தான் வேட்பாளர்.

அந்த நவம்பரில் நைட் டியூட்டி முடித்து நேராக வாக்குச்சாவடிக்குப் போனேன். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், நாற்பது நிமிஷம் வரிசை. மாநிலப் பிரதிநிதி, நீதிபதிகள், பள்ளி வாரியம் என்று எல்லா வட்டத்தையும் நிரப்பினேன். அதிபர் வட்டத்தை மட்டும் அப்படியே விட்டேன். கோபம். எங்களை மதிக்காத கட்சிக்குப் பாடம் கற்பிக்கிறோம் என்ற நினைப்பு.

மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 10,704 ஓட்டு. என்னைப் போல் அதிபர் வட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் 75,000க்கும் மேல். என் ஒருத்தியால் எதுவும் மாறியிருக்காது. அந்த எழுபத்தையாயிரம் பேரும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அடுத்த வருஷம் ஜூலையில் ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்க, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. எங்கள் வார்டில் ஒரு சர்க்கரை நோயாளி இருந்தார். கார் உதிரிபாகக் கம்பெனித் தொழிலாளி, ஐம்பது வயசு இருக்கும். 2014இல் மிச்சிகன் ஏழைகளுக்கான காப்பீட்டை விரிவாக்கிய பிறகுதான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் காப்பீட்டு அட்டை பார்த்தார். அதற்கு முன்னால் இன்சுலினை அளந்து அளந்து, பாதி டோஸ் போட்டு, காலில் ஒரு விரலை இழந்தவர். "சிஸ்டர், அடுத்த மாசம் என் கார்டு வேலை செய்யுமா?" என்று கேட்டார். நான் அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது? அவருக்காக ஒரு வட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. வீம்புக்கு அதை விட்டவள் நான். செனட்டில் 49க்கு 51 என்ற கணக்கில் சட்டம் தப்பியது. அவர் அட்டையும் தப்பியது.

அதனால்தான் 2020இல் பைடனுக்குப் போட்டேன். இரண்டு கட்சியும் ஒன்று என்று சொல்லும் தோழர்களிடம் நான் சண்டை போடுவதும் அதனால்தான். பைடன் ஆட்சியில் வந்த சட்டம்தான் முதியோருக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டியது. சோஷலிசம் இல்லைதான், ஆனால் பாதி டோஸ் போடும் ஒரு பாட்டிக்கு அது முழு டோஸ்.

காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது குண்டு கொடுத்த அரசின் துணை அதிபர் கமலா ஹாரிஸ். அவருக்கும் போட்டீர்களா அக்கா?
*வாசகி, காஜிமார் தெரு, மதுரை*

போட்டேன் தங்கச்சி. கை நடுங்கித்தான் போட்டேன்.

டெட்ராய்ட்டை ஒட்டி டியர்பார்ன் என்று ஒரு ஊர். ஃபோர்டு கார் கம்பெனியின் ஊர், அரபு மக்கள் நிறைய இருக்கும் ஊர். என்னோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்த தோழி அங்கேதான் இருக்கிறாள். அவள் பிறந்தது தெற்கு லெபனான். எனக்குப் பிரசவம் ஆனபோது நாற்பது நாள் சோறு சமைத்துக் கொண்டுவந்தவள். 2024 இலையுதிர் காலத்தில் அவள் சித்தி இருந்த வீட்டின் மேல் குண்டு விழுந்தது. சித்தி போய்விட்டார்.

அந்த வருஷம் பிப்ரவரியில் மிச்சிகன் பிரைமரி நடந்தபோது, யாருக்கும் உறுதி சொல்லவில்லை என்று ஒரு வட்டம் வாக்குச்சீட்டில் இருந்தது. போர்நிறுத்தம் கேட்டு 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை நிரப்பினார்கள். நானும் நிரப்பினேன். பலத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் சரியாகவே காட்டினார்கள். கட்சி என்ன செய்தது? ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டு மேடையில் ஒரே ஒரு பாலஸ்தீன அமெரிக்கர் பேச நேரம் கேட்டார்கள். தரவில்லை. நம் ஊரில் ஒரு கூட்டணிக் கட்சிக்கு ஒரு சீட்டும் தராமல், மேடையில் நாற்காலியும் போடாமல், தொண்டர்கள் மட்டும் வந்து வேலை பார்க்கட்டும் என்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. டியர்பார்னில் டிரம்புக்குச் சுமார் 42 சதவீதம், ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. மாநிலத்தில் ஹாரிஸ் சுமார் 80,000 ஓட்டில் தோற்றார்.

என் தோழி ஸ்டைனுக்குப் போட்டாள். நான் ஹாரிஸுக்குப் போட்டதை அவளிடம் மறைக்கவில்லை. மூன்று வாரம் அவள் பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவளுக்குக் காலை நேரம், அவளே கூப்பிட்டாள். சித்தி வீட்டுத் தோட்டத்து ஆலிவ் மரங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிரம்ப் வந்தால் பாலஸ்தீனருக்கு இன்னும் கேடு என்று நம்பித்தான் நான் அந்த வட்டத்தை நிரப்பினேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் உன்னால்தான் தோற்றோம் என்று டியர்பார்ன் மக்களைப் பார்த்து யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடியாது. 2016இல் நான் செய்ததையும் இவள் செய்ததையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் வீட்டில் யாரும் சாகவில்லை.

குறைவான ஓட்டு வாங்கியவர் எப்படி அதிபராக முடியும்? நம் குடியரசுத் தலைவர் தேர்தல் போலத்தானா?
*டிஎன்பிஎஸ்சி மாணவர், உசிலம்பட்டி*

இல்லை தம்பி, குழப்பிக்கொள்ளாதீர்கள். நம்மிடம் எம்பிக்களும் எம்எல்ஏக்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். 1971 மக்கள்தொகைப்படி எம்எல்ஏ ஓட்டுக்கு மதிப்பு. தமிழ்நாட்டு எம்எல்ஏவுக்கு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7.

அமெரிக்காவில் மக்கள் போடும் ஓட்டு மாநிலவாரியாக, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களாக மாறுகிறது. 270 வந்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. 2020 கணக்கெடுப்புப்படி கலிபோர்னியாவில் ஒரு தேர்வாளருக்குச் சுமார் 7.3 லட்சம் மக்கள், வயோமிங்கில் 1.9 லட்சம். அதனால்தான் 2016இல் கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். மக்களாட்சி என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில் இது பெரிய அநியாயம். 2024இல் டிரம்ப் மொத்த ஓட்டிலும் முன்னால் வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தோல்விக்கு இந்த முறையைக் காரணம் காட்ட முடியாது.

துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் தோற்றதில் உங்களுக்கு வருத்தம் உண்டா?
*வாசகி, மேலூர்*

தோற்றதில் வருத்தம் உண்டு, ஆனால் ஊர்ப் பாசத்தில் இல்லை. அவர் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டம், அதில் எனக்கும் சந்தோஷம்தான். என் வார்டு நோயாளிக்கு அது மருந்து ஆகாது.

நான் ஆனையூர் முகாமில் 1994இல் பிறந்தவள். இலங்கையிலும் எனக்கு ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை. 2024 செப்டம்பரில் அங்கே ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்தபோது அப்பா விடிய விடிய ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மூன்று பேருக்கு விருப்ப வாக்கு போடலாம். அமெரிக்காவிலும் அப்படி வைத்தால் உங்கள் பிரச்சினை தீராதா?
*வாசகி, ஆனையூர் மறுவாழ்வு முகாம்*

வந்த கடிதங்களிலேயே நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதுதான். நீங்கள் சொல்வது சரி. 1, 2, 3 என்று போடலாம். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இருவர் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். அநுர குமார திசாநாயக்கவுக்கு முதலில் 42.31 சதவீதம்தான். இலங்கை வரலாற்றில் முதல்முறையாக இரண்டாவது எண்ணிக்கை அப்போதுதான் நடந்தது. தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 1 போட்டவர், 2ஐ வேறொருவருக்குப் போட்டிருக்கலாம், அந்த ஓட்டும் வீணாகாது.

மெய்னிலும் அலாஸ்காவிலும் அதிபர் தேர்தலுக்கே இந்த மாதிரி முறை வந்துவிட்டது. 2000இல் புளோரிடாவில் இருந்திருந்தால்? அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோர் தோற்றது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு விழுந்தவை 97,488. மிச்சிகனில் இருந்திருந்தால் என் தோழி ஸ்டைனுக்கு 1 போட்டுவிட்டு, 2ஐ என்ன செய்வது என்று அவளே முடிவு செய்திருப்பாள். அங்கே இந்த முறைக்காகப் பாடுபடும் இளைஞர்களுக்கு என்னால் முடிந்த பணத்தை அனுப்புகிறேன்.

உங்கள் ஓட்டைப் பற்றி. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். முகாமில் பிறந்த ஒருவர் அந்த வழியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டார். உங்கள் அண்ணனோ அக்காவோ அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். 1994இல் பிறந்த உங்களுக்கு அந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து முப்பது வருஷமாக வாழ்கிற உங்களுக்கு மதுரையில் ஓட்டு இல்லை, மிச்சிகனில் வீட்டை விற்றுவிட்டு வந்த எனக்கு மிச்சிகனில் ஓட்டு இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். சீட்டு கையில் இருந்திருந்தால் 1, 2, 3 யார் யாருக்குப் போட்டிருப்பார், ஏன் என்று. பெயர் வேண்டாம். அடுத்த இதழில் என் பதில்களுக்குப் பதிலாக அதைப் போட ஆசிரியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.