செக் எஞ்சின் விளக்கு, பி0420 கோடு: கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பத்து வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார், செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420 வருகிறது, கன்வெர்ட்டர் போய்விட்டது மாற்றுங்கள் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் லைனில் இருந்துகொண்டு, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் டப்பா. அது தானாகக் கெடுவது அபூர்வம். எஞ்சினில் இருக்கும் வேறொரு கோளாறுதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறை விட்டுவிட்டுப் புதுசு போட்டால், புதுசும் அதே வழியில் போகும்.

முதலில் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. பெரும்பாலான சின்ன கார்களில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே விடாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டின் பூச்சு ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, வேண்டியபோது விடுகிறது. அதனால் கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்தப் பிடிப்பு போய்விட்டால் பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பிக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதைப் பார்த்துத்தான் பி0420 போடுகிறது. அதாவது கோடு ஒரு சந்தேகத்தைத்தான் சொல்கிறது, தீர்ப்பு சொல்லவில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று, போனில் ஒரு ஆப், அவ்வளவு போதும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு, நியூட்ரலில் 2500 ஆர்பிஎம்மில் பிடித்து, இரண்டு சென்சார்களின் கிராஃபையும் ஒன்றாகப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் பார்த்துப் பயனில்லை. 250, 300 டிகிரி தாண்டினால்தான் கன்வெர்ட்டர் வேலையே செய்யும்.

பின் சென்சார் ஆடினாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது: சைலன்சர் லைனில் கசிவு. எஞ்சினிலிருந்து புகைக் குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள மேனிஃபோல்ட் கேஸ்கட்டோ, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சோ விட்டிருந்தால், புகை துடித்துத் துடித்து வெளியேறும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் குழம்பிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானட்டைத் திறந்து கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்து, எஞ்சின் சூடாகச் சூடாக அது குறைந்தால், கேஸ்கட் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிந்த கோடு தெரியும். இதற்கு ஆகும் செலவு கன்வெர்ட்டர் விலைக்குப் பக்கத்திலேயே வராது.

பின் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்சார் கெட்டால் பெரும்பாலும் அதற்கென்று தனிக் கோடு வரும். மந்தமான சென்சார் கிராஃபை நேராகத்தான் காட்டும். நல்ல கன்வெர்ட்டரைக் கெட்டதாகக் காட்டுவது குறைவு.

என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் தொல்லை வேறு மாதிரி. ஐடிலில் ஒழுங்காக இருக்கும், ஏற்காடு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் இழுவை இருக்காது. அடியில் கன்வெர்ட்டரைக் கையால் தட்டினால் டப்பாவுக்குள் கல் கிடப்பதுபோல் லொடலொட என்றது. மெக்கானிக் அண்ணன் முன் சென்சாரைக் கழற்றிவிட்டு ரேஸ் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். காது கிழிகிற சத்தத்தோடு எஞ்சின் சட்டென்று ஏறியது. புகை போக வழியில்லாமல்தான் திணறியிருக்கிறது. அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தோம். தேன்கூட்டின் நடுப்பகுதி உருகி, ஓட்டைகள் அடைத்து, கண்ணாடிபோல் பளபளத்தது.

"தம்பி, இதை இப்பவே மாத்திடலாம். ஆனா ஏன் உருகுச்சுன்னு பாக்காம மாத்தக் கூடாது" என்றார் அவர். காரணம் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில், அதாவது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம். லோடு ஏறும்போது மட்டும் அது ஸ்பார்க் தராமல் மிஸ் அடித்துக்கொண்டிருந்தது (இதுதான் மிஸ்ஃபயர்). எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் சூடு 1000 டிகிரியைத் தாண்டும், பீங்கான் தாங்காது. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதற்கும் மின்னி மின்னி எரிவதற்கும் இதனால்தான் அவ்வளவு வித்தியாசம். மின்னினால் மிஸ்ஃபயர் அந்த நேரத்திலேயே கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் வண்டியை ஓரம் கட்டுங்கள். பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே காரணத்துக்காகக் கூடாது. ஜம்பர் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி ஆயில் குடிக்கிறதா என்று அவசியம் பாருங்கள். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் மெல்ல மெல்லப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் எரிந்தாலும் அதே கதிதான். இப்படிப் போனதை டேங்க்கில் ஊற்றும் எந்தத் திரவமும் மீட்காது. வெறும் கரி படிந்திருந்தால் ஹைவேயில் கொஞ்ச நேரம் நல்ல ஆர்பிஎம்மில் ஓட்டினாலே எரிந்துபோகும், அதற்கும் டப்பா டப்பாவாக வாங்கி ஊற்றத் தேவையில்லை.

எல்லாம் பார்த்தும் கன்வெர்ட்டர்தான் என்று உறுதியானால், கம்பெனி பாகமே போடுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. மலிவான மாற்றுப் பாகங்களில் இவற்றின் அளவு குறைவாக இருந்தால் சில மாதங்களில் அதே கோடு திரும்ப வரும். அதே காரணத்தால் பழசுக்கும் விலை உண்டு. அதைக் கடையிலேயே விட்டு வராமல், எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள்.

"உள்ளே இருக்கறதைக் குத்தி எடுத்துடலாம் சார், பிக்கப் நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டப்படி தவறு. பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாமல் அதை எட்டுவது மிகக் கடினம். சிக்னலில் உங்களுக்குப் பின்னால் பைக்கில் குழந்தையோடு நிற்பவர்தான் அந்தப் புகையை மூச்சில் இழுப்பார்.

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது, பி0420 தவிர மிஸ்ஃபயரைச் சொல்லும் பி0300 வரிசையில் ஏதாவது கோடு இருக்கிறதா என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். அந்த இரண்டு கிராஃபையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.