பரணில் ஒரு யூஃபோனியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சென்ற மாதம் ராயபுரத்தில் நீங்கள் வாசித்ததை என் ஒன்பது வயது மகனுடன் வந்து கேட்டேன். உங்கள் தந்தை பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர் என்று அன்று மேடையில் சொன்னீர்கள். வெறும் பேண்டு வாசித்தவரின் மகனுக்கு இவ்வளவு சங்கீதம் எப்படி வந்தது என்று வியந்தேன். இசை உங்கள் ரத்தத்திலேயே இருந்திருக்க வேண்டும். என் அப்பாவும் பேண்டில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசித்தவர்தான். போன ஐப்பசியில் தவறிவிட்டார். வாத்தியம் பரணில் கிடக்கிறது. அதை இறக்கித் தரச் சொல்லிப் பையன் அடம்பிடிக்கிறான். சாவுக்கு ஊதிய வாத்தியம் என்று வீட்டில் தயங்குகிறார்கள். அவனுக்கும் இசை ரத்தத்தில் இருக்குமா? கீபோர்டு வகுப்பில் சேர்ப்பது நல்லதா? உங்கள் தந்தை உங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது என்ன? பிடித்த ராகம், கானா பற்றிய கருத்து, சபாக்களில் அதிகம் வாசிக்காததன் காரணம் ஆகியவற்றையும் சொன்னால் மகிழ்வேன். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கடிதங்களுக்கு நான் ஒழுங்காகப் பதில் எழுதுகிறவன் அல்லன். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் நைனாவின் பழைய கிளாரினெட்டில் ஒரு ஸ்பிரிங் முறிந்து, அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன் வேலையை மறந்து அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

சில கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பிடித்த ராகம் நாளுக்கு நாள் மாறும். நான் கானா பாடகன் அல்லன். வடசென்னைக்காரன் என்று தெரிந்ததும் எல்லோரும் அதையே கேட்கிறார்கள், அதைப் பாடுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் நன்றாகவே பேசுவார்கள். சபாவைப் பொறுத்தவரை, இளம் வயதில் ஒரு சபாவுக்கு வாய்ப்புக் கேட்டுப் போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஊர்வலம் எந்தப் பக்கம் போகிறது?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிளாரினெட்டுக்காகவே ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்த செய்தியைப் படித்த அன்று அந்தப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

இனி, நீங்கள் எழுதிய ‘வெறும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் அப்பா நாற்பது வருடம் கனத்த பித்தளையைத் தோளில் தாங்கி வெயிலில் நடந்து ஊதித்தான் உங்களைப் படிக்க வைத்திருப்பார். அவர் போய் வருடம் திரும்பவில்லை, அதற்குள் அவர் தொழிலுக்கு முன்னால் ‘வெறும்’ போட உங்களுக்குக் கை வந்திருக்கிறது. கோபப்படாதீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. பள்ளியில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு வந்தவன் நான். வீட்டில் சொன்னபோது நைனா ஒன்றும் சொல்லவில்லை, அம்மாதான் அன்று இரவு எனக்குச் சோறு போடவில்லை.

பேண்டு ‘வெறும்’ என்று ஆகிவிட்டால், மகனுக்கு வந்த சங்கீதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. உடனே ரத்தம் வந்துவிடுகிறது. என் அண்ணனுக்கும் அதே ரத்தம்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அவருக்கு இன்றுவரை ஸட்ஜமும் பஞ்சமமும் ஒன்றுதான். அவர் தெருவில் கோலி விளையாடப் போனார். இளைப்பு வியாதிக்காரனான நான் வீட்டில் கிடந்தேன், அதனால் நைனாவுக்கு டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டார்ச் எதற்கு என்று சொல்கிறேன். கிளாரினெட்டின் ரீடு என்பது நாணல் சீவல். கடையில் வாங்கியது அப்படியே பேசாது. பேசினாலும் நாலு ஆர்டருக்கு மேல் தாங்காது. நைனா அதை வாயில் ஊறவைத்து, பின்னால் டார்ச் வெளிச்சம் காட்டச் சொல்லி, எந்த ஓரம் அதிகம் தடித்து இருட்டாகத் தெரிகிறது என்று பார்த்து, பாதியாக முறித்த பிளேடால் சுரண்டுவார். தூள்கூட விழாது, பவுடர் மாதிரி ஏதோ பறக்கும். பிறகு மவுத்பீஸில் கட்டி ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதிவிட்டு என்னைப் பார்ப்பார்: “இப்ப எப்டிடா கீது?” மூக்கடைச்ச மாதிரி இருக்கிறது என்பேன். மறுபடியும் சுரண்டுவார். தகரம் மாதிரி இருக்கிறது என்றால் தலையில் அடித்துக்கொண்டு நுனியைக் கொஞ்சம் கத்தரிப்பார், ஏனென்றால் அதிகமாகச் சுரண்டிவிட்டார் என்று அர்த்தம். ஏழு வயதுப் பையனின் பதிலை நம்பி, மறுநாள் கூலியை நிர்ணயிக்கப் போகிற ரீடில் அவர் பிளேடு வைத்தார். அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எது என்று கேட்டிருந்தீர்கள். இதுதான். வாத்தியத்தைக் கையில் கொடுத்தது இன்னும் நான்கு வருடம் கழித்து.

காசிமேட்டு உப்புக் காற்றில் சாவிகளின் கீழே இருக்கும் ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து முறிந்துகொண்டே இருக்கும். அம்மா தன் தையல் ஊசியை இடுக்கியில் பிடித்து, அடுப்பு நெருப்பில் காட்டி, இரும்பு நீலம் பாய்கிற நொடியில் வெளியே எடுப்பார். நீலம் வருமுன் எடுத்தால் ஊசி ஒடியும், தாண்டிவிட்டால் வளைந்து போகும். அதை அளவாக முறித்துப் பொருத்தினால் சாவி மறுபடி துள்ளும். போன வாரம் நான் செய்ததும் அதேதான், மூன்று ஊசிகளை வீணாக்கிய பிறகு. இதில் ரத்தம் எங்கே வந்தது, விரலில் குத்திக்கொண்டதைத் தவிர?

பரம்பரைப் பெருமை பேசுகிறவர்களுக்கு நம் மணலியைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியை வைத்து அடையாளம் சொல்லும் அதே மணலி. ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு அழைத்துவந்து ஆதரித்தார். சங்கீத ரத்தம் என்று ஒன்று இருந்தால் அந்த வீட்டைவிட அதிகமாக வேறெங்கே இருக்கும்? ஆனால் இளைய மகன் பாலுசுவாமி எதனால் நினைக்கப்படுகிறார்? ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்டு மயங்கி, ஓர் ஐரோப்பியரிடம் சில ஆண்டுகள் வயலின் கற்று, அதை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர் என்பதால். 1775இல் பிறந்த மூத்தவர் முத்துசுவாமி, அந்த மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் நோட்டுசுவரங்கள் என்று சொல்லப்படும் ஏறத்தாழ 40 பாடல்களை எழுதினார். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. தகப்பனார் வீட்டில் இல்லாததைக் கோட்டை பேண்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், தம்பி. பேண்டிலிருந்து! அவர்கள் அதற்கு முன்னால் ‘வெறும்’ போடவில்லை. நீங்களும் நானும்தான் போடுகிறோம்.

சாவு வாத்தியம் என்று வீட்டில் தயங்குகிறார்களே, அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சாவு. இறந்தவர் மீன் ஏலக்காரர். பாடை எடுக்கும் முன் அவருடைய மனைவி நைனாவைக் கூப்பிட்டு, “அதுக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு கீது” என்று சொல்லி, அழுது கட்டிப்போன தொண்டையில் ஒரு வரியை முனகினார். வார்த்தை பாதி இல்லை, சுருதி அறவே இல்லை. நானும் அருகில் நின்று கேட்டேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நைனா கண்ணை மூடி, எச்சில் தொட்டு ரீடைச் சரிசெய்து, கீழ் ஸ்தாயியில் மெதுவாக அந்த வரியை எடுத்தார். அந்த அம்மாள் தலையாட்டினார். யூஃபோனியக்காரர் அடியில் சேர்ந்துகொண்டார். அடுத்த வரியை நைனாவே ஊகித்தார், அது சரியாக இருந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடங்கியிருக்கிற மூலக்கொத்தளம் சுடுகாடு வரை அந்த ஒரே பாட்டை, நடந்துகொண்டே, மூச்சை எங்கே எடுக்கிறார்கள் என்று தெரியாதபடி வாசித்துக்கொண்டு போனார்கள். அழுகைக்குள் இருந்து ஒரு மெட்டைப் பிரித்தெடுக்கும் காது எந்த வகுப்பில் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் என் பிள்ளைகளை அங்கே சேர்த்திருப்பேன்.

அன்று வீடு திரும்பியதும் நைனா குளித்தார். கிளாரினெட்டுக்கும் மஞ்சள் நீர் தெளிக்க வேண்டும் என்று ஆயா பிடிவாதம் பிடித்தார். துளைகளை மூடும் சாவிகளின் மெத்தைகளான பேடுகள் ஊறிப்போகும் என்று நைனா மன்றாடினார். கடைசியில் பெட்டியின் மீது மட்டும் தெளிப்பது என்று சமாதானமானது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சமாதானத்துக்கு வாருங்கள்.

பையனைப் பற்றிக் கேட்டீர்கள், கிட்டத்தட்ட மறந்தே போனேன். கீபோர்டு கெட்ட பொருள் அல்ல, ஆனால் அவன் கேட்டது அது இல்லையே. யூஃபோனியத்தை இறக்குங்கள். ஒன்பது வயதுக்குக் கனம் அதிகம், மடியில் தலையணை போட்டு உட்கார்த்தி வையுங்கள். முதலில் மவுத்பீஸை மட்டும் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். காற்றை விட்டால் சத்தம் வராது, உதடு அதிர வேண்டும். உங்கள் அப்பாவோடு வாசித்தவர்களில் யாராவது இன்னும் நடமாடிக்கொண்டிருந்தால் அவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, பையன் ஊதுவதைக் கேட்கச் சொல்லுங்கள். பிஸ்டன்கள் இறுகிப்போயிருக்கும். குறடு வைத்துத் திருகிவிடாதீர்கள், தொப்பியைக் கையால் கழற்றி, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது, எண்ணைப் பார்த்து அதே குழாயில் போடுங்கள்.