பூட்டிக் கிடந்த கால் மெஷின் மீண்டும் ஓடுமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையாலும் காலாலும் ஓடும் பழைய தையல் மெஷின்களைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து வந்தவை. நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளாக மெஷின் பழுது பார்த்து வருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் மாமியாரின் கால் மெஷின் பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டின் பின்னறையில் கிடந்தது. இப்போது சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் அசையவே மாட்டேன் என்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். விற்றுவிடலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: விற்காதீர்கள், அம்மா. சக்கரம் அசையாத மெஷினில் பெரும்பாலும் எதுவுமே உடைந்திருக்காது. உள்ளே விட்ட எண்ணெய்தான் இறுகியிருக்கும். நம் பகுதி வீடுகளில் எல்லாவற்றுக்கும் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்பதால் மெஷினுக்கும் அதையே விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு அது நன்றாகத்தான் ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றுப் பட்டுக் காறிப்போய், நூல் பிசிறோடும் தூசியோடும் சேர்ந்து, சில ஆண்டுகளில் பலாப் பிசின்போல ஒட்டிக்கொள்கிறது. உங்கள் மெஷினைப் பிடித்து வைத்திருப்பதும் அநேகமாக அந்தப் பிசின்தான்.

முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு மேலே உள்ள சக்கரத்தைத் தனியாகவும், கீழே உள்ள பெரிய சக்கரத்தைத் தனியாகவும் அசைத்துப் பார்த்தால், இறுகியிருப்பது தலைப்பகுதியா அல்லது ஸ்டாண்டா என்பது அப்போதே தெரிந்துவிடும். பலர் இதைச் செய்யாமல் தலைப்பகுதி முழுவதையும் பிரித்துப் போட்ட பிறகுதான் பெடலின் அச்சு துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். தலைதான் இறுகியிருக்கிறது என்றால், ஊசியையும், அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸையும் எடுத்துவிட்டு, மேல்நூலை அடிநூலோடு பின்ன வைக்கும் ஷட்டில் ஓடும் வளையத்துக்குள் பழைய நூல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடையிலான சந்தில் சுற்றிக்கொண்ட ஒரு முழ நூல்கூட மெஷினை நிறுத்திவிடும்.

அதன் பிறகு தலைப்பகுதியைப் பின்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்ப்பதற்கு முன், பின்னால் உள்ள இரண்டு கீல்களின் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்புத் தலை பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். திருகு தளர்ந்திருந்தால் கையோடு வந்து காலில் விழும். மேலே எண்ணெய் விடுவதற்கென்று இருக்கும் துளைகள் அனைத்திலும், அடியில் இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வோர் இடத்திலும், ஒரு சிரிஞ்சினால் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். அடுப்போ விளக்கோ இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஒரு விரல் அகலம் மட்டும் அசைத்துப் பாருங்கள். குறடு போட்டுத் திருப்பவே கூடாது. இறுகிய மெஷினை உடைப்பது துரு அல்ல, அவசரம். அப்போதும் அசையாவிட்டால், தலைமுடி உலர்த்தும் டிரையரால் ஊசித்தண்டின் பக்கத்தைச் சூடாக்கிவிட்டு மறுபடி மண்ணெண்ணெய் விடுங்கள். இளகிய பிசினுக்குள் அது எளிதாக இறங்கும். சில மெஷின்களுக்கு இது நான்கைந்து நாள் வேலை. ஒரு கட்டத்தில் துளைகளின் ஓரத்தில் கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம் கசிந்து வரும். அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு சக்கரம் நின்றதை நான் அதிகம் கண்டதில்லை. அந்தக் கசடைப் பழைய பனியன் துணியால் துடைத்து எடுத்து, தையல் மெஷினுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை எல்லா இடத்திலும் விட்டு, பத்து நிமிடம் சும்மா ஓட்டுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்க மட்டுமே உதவும். அதை விட்டதோடு நிறுத்திக்கொண்டால் இரும்பு வறண்டு தேயும்.

குளச்சல், முட்டம் போன்ற ஊர்களுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையுமே பெறும் நம் மாவட்டத்தில் அந்த ஈரம் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஆகவே தைக்காத மாதங்களிலும், பளபளக்கும் பாகங்களின் மேல் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து வையுங்கள். மூடுவதற்குப் பருத்தித் துணியே நல்லது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

கேள்வி: எண்ணெய் விட்ட பிறகு மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆனால் தைத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் நூல் சுருள் சுருளாக நிற்கிறது. பாபினை மாற்றியும் பயனில்லை.
– வாசகர், தக்கலை

பதில்: அடியில் சுருள் விழுந்தால் குற்றம் மேலே இருக்கிறது. மேல்நூலைப் போதிய அளவுக்கு இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால்தான் அது கீழே போய்க் குவிகிறது. மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டுக்கும் இடையே பழைய பிசிறு சிக்கியிருந்தால் அவை ஒன்றையொன்று தொடாது. ஒரு துண்டுத் துணியை அந்த இடைவெளியில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். நூல் கோர்க்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டே கோர்த்துவிடுங்கள். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் இறங்காமல் விளிம்பிலேயே நின்றுவிடும்.

ஊசியையும் பாருங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கத்தில் நுனி வரை ஒரு நீண்ட காடி ஓடும். அந்தக் காடி உள்ள பக்கத்திலிருந்துதான் நூலைக் கோர்க்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் இந்தப் பக்கம் மாறும் என்பதால் ஒரு மெஷினில் பழகியவர் இன்னொன்றில் தவறு செய்துவிடுகிறார். ஊசிக்குள் போகும் முன் நூலைத் தாங்கும் கடைசிக் கொக்கி ஊசிக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, காடியும் அந்தப் பக்கம் வரும்படி மாட்டினால் தவறாது. சாதாரணப் பருத்திக்கு 14, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18 எண் ஊசி.

மேலே எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பாபின் கேஸைத் தொடுங்கள். பாபினை உள்ளே போட்டு, நூல் நுனியைப் பிடித்து கேஸைத் தொங்கவிடுங்கள். அது அப்படியே தொங்க வேண்டும்; கையை லேசாக உதறினால் இரண்டு மூன்று விரற்கடை இறங்கி மறுபடி நிற்க வேண்டும். தானாகச் சரிந்தால் சிறு திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், உதறியும் இறங்காவிட்டால் கால் சுற்று தளர்த்துங்கள். அரைச் சுற்று என்பதே அதற்கு அதிகம்.

கேள்வி: நான் தையல் பழகுகிறேன். பெடலை மிதிக்கத் தொடங்கும்போதெல்லாம் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்துவிடுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?
– மாணவி, கருங்கல்

பதில்: உண்டு, மகளே. ஒரு வாரம் நூலே இல்லாமல் மிதி. சக்கரத்தின் நடுவில் இருக்கும் குமிழைத் தளர்த்திவிட்டால், சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. இரண்டு பாதங்களையும் பெடலில் முழுமையாகப் பதித்து, வலது பாதத்தைச் சற்று முன்னால் வைத்துக்கொள். வலது கையால் சக்கரத்தின் மேல் விளிம்பைத் தன்னை நோக்கி இழுத்துவிட்ட பிறகே கால் தொடங்க வேண்டும். தொடங்கி வைப்பது கை, தொடர்ந்து ஓட்டுவது கால். நிறுத்தும்போதும் கை சக்கரத்தின் மேல் வரட்டும். சக்கரம் பின்னால் போகிறது என்று தெரிந்த நொடியிலேயே காலை நிறுத்திவிடும் பழக்கம் வந்துவிட்டால் நூல் அறுவது நின்றுவிடும்.

அடுத்ததாக, குமிழை இறுக்கி, ஒரு பழைய ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, நூல் இல்லாமல் கோட்டின் மேலேயே தைத்துப் பார். துணியோ தாளோ இல்லாமல் ஃபுட்டை இறக்கி வைத்து ஓட்டாதே, அடியில் துணியை நகர்த்தும் பல் தேய்ந்துவிடும். குமிழைக் கழற்றி மாட்டிய பிறகு அது சரியாக இறுகவில்லை என்று பதற்றப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் வாஷரை எடுத்து அரை வட்டம் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: பழைய கால் மெஷினில் மோட்டார் பொருத்தினால் நல்லதா?
– டெய்லர், ஆரல்வாய்மொழி

பதில்: நாள் முழுவதும் தைத்துப் பிழைப்பவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பில் புதிதாகத் துளை போடாமல், மோட்டாருக்கென்று ஏற்கெனவே இடம் உள்ள மெஷின்களில் மட்டும் பொருத்துங்கள். பெல்ட்டையும் பெடலையும் கழற்றி எறியாமல் பத்திரமாக வையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டு, பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, என்னிடம் பழுது பார்த்த வீடுகளில் தையல் நிற்காமல் நடந்தது கால் மெஷின்களில்தான். கழுத்து வளைவையும் பட்டன் துளையையும் தைக்கும்போது, ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்த முடிகிற அந்தக் கட்டுப்பாட்டை மலிவான மோட்டார் எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. பெடல் கனமாக இருப்பதால்தான் மோட்டாரை நினைக்கிறீர்கள் என்றால், முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தோல் பெல்ட் வழுக்காத அளவுக்கு இறுகியிருந்தால் போதும். விறைப்பாக இருந்தால் காலுக்கும் வலி, அச்சுக்கும் தேய்மானம். புதுத் தோல் நீளும் என்பதால் ஒரு வாரம் ஓட்டிய பிறகு சிறிதளவு வெட்டி மறுபடி கொக்கி போடுங்கள்.

1924-இல் எந்திரங்களையே எதிர்க்கிறீர்களா என்று கேட்ட மாணவரிடம் காந்தியடிகள் சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்காகக் காட்டி, பயனுள்ள கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றார். கேட்டவர் பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன். அன்று அவர்கள் பேசிக்கொண்டது கையாலும் காலாலும் ஓடும் மெஷினைப் பற்றித்தான் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

கேள்வி: அம்மச்சியின் கல்யாணத்துக்குக் கொடுத்த சிங்கர் கைமெஷின் எங்கள் வீட்டில் இருக்கிறது. அடியில் படகு வடிவத்தில் ஒரு ஷட்டில் ஓடுகிறது. எண் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. எவ்வளவு பழையது? புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சிங்கர் மெஷின்களின் எண்ணுக்கு முன்னால் எழுத்து சேர்ந்தது 1900 முதல்தான். ‘ஒய்’ எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த கில்போவி ஆலைக்கு 1920-களிலும் 1930-களின் முற்பகுதியிலும் கொடுக்கப்பட்டது. நம் ஊர்கள் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் கடல் கடந்து வந்த மெஷின் உங்களுடையது. அதைச் செய்த ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது.

பெயிண்ட் அடிக்காதீர்கள். கறுப்பு உடம்பின் மேல் உள்ள பொன்னிறப் பூவேலையை மெல்லிய அரக்குப் பூச்சுதான் காத்து நிற்கிறது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தொழில் பழகிய முதல் ஆண்டில், ஒரு வீட்டு மெஷினைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுக்க நினைத்து நான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தபோது பூவேலையின் பாதி அதில் ஒட்டியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, பூ இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். அதை நான் மறக்கவில்லை. சோப்புத் தண்ணீரும் அந்தப் பூச்சை மங்கச் செய்யும். மெஷின் எண்ணெய் தொட்ட மென்மையான பருத்தித் துணி ஒன்றே போதும், இரண்டு மூன்று முறை பொறுமையாகத் துடைத்தால் கறுப்பு மின்னும்.

படகு ஷட்டிலுக்கு இப்போதைய வட்டப் பாபின் பொருந்தாது; மெலிந்து நீண்ட பாபின் வேண்டும், பழைய உதிரிபாகக் கடைகளில் கேட்டால் சில நேரம் கிடைக்கிறது. ஷட்டிலின் முனையில் விரல் வைத்துப் பாருங்கள். கீறல் உணர்ந்தால் மிக மெல்லிய எண்ணெய்க் கல்லில் தேய்த்து மழுங்காமல் மென்மையாக்க வேண்டும். உங்கள் மெஷினில் தையலைப் பின்னோக்கி எடுக்கும் நெம்புகோல் இருக்காது. தையல் முடியும் இடத்தில் ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணியை முழுவதும் திருப்பி, வந்த வழியே நான்கு தையல் போட்டால் முடிச்சு நிற்கும். வலது கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பதால் துணியை நகர்த்த இடது கை ஒன்றுதான் மிஞ்சும். எனவே தொடக்கத்தில் தலையணை உறை போன்ற நேர்க்கோட்டுத் தையல்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.